கேட்டுத் தேய்ந்த கரோல் கிங்

பழைய ரெக்கார்டு வாங்குகிறவர்கள் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கீறல் தேடுவார்கள். பாடகி கரோல் கிங்கின் 'டேப்பெஸ்ட்ரி' ஆல்பத்தை மட்டும் கீறலோடு வாங்குங்கள் என்பேன். என்னிடம் இருப்பது யாரோ ஆசைதீரக் கேட்டுத் தேய்த்த பிரதி. முதல் பக்கத்தின் இரண்டாவது பாட்டு 'சோ ஃபார் அவே'. அது ஓடும் இடத்தில் தட்டின் பளபளப்பே மங்கிவிட்டது. ஊசி அங்கே போனதும் எண்ணெயில் கடுகு பொரிவதுபோலச் சடசடக்கும். அதைத் தாண்டி அந்தக் குரல் எழும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. முன்பு இதை வைத்திருந்தவரும் தூரத்திலிருந்த யாரையோ நினைத்துத்தான் திரும்பத் திரும்ப ஊசியை இங்கே வைத்திருப்பார்; சத்தியம் செய்யக்கூட நான் தயார்.

அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். ஜிம் மெக்ராரி எடுத்த படம். லாரல் கேன்யன் வீட்டின் ஜன்னலோரம், சுருள்முடியோடு, வெறுங்காலோடு கரோல். கையில் அவரே தைத்த துணிச்சித்திரம். முன்னால் டெலிமக்கஸ் என்ற அவருடைய பூனை. ஒப்பனையும் இல்லை, ஒய்யாரமும் இல்லை. பாட்டும் அப்படியேதான்!

இந்த ஆல்பம் வரும்வரை பிறருக்குப் பாட்டு எழுதியே பெயர் வாங்கியவர் அவர். முதல் கணவர் ஜெரி காஃபினோடு சேர்ந்து எழுதிய 'வில் யூ லவ் மீ டுமாரோ' பாட்டை 1960இல் ஷிரெல்ஸ் குழுவின் இளம்பெண்கள் துள்ளலாகப் பாடினார்கள். 1971இல் வந்த இந்த ஆல்பத்தில் கரோல் அதையே வேகம் குறைத்துத் தானே பாடுகிறார். பின்குரலில் ஜோனி மிட்செல், ஜேம்ஸ் டெய்லர். அன்று ஆசையாகக் கேட்ட கேள்வியை இங்கே அடிபட்ட ஒரு பெண் கேட்கிறாள். மெட்டு அதேதான், ஆனால் தொண்டை அடைக்கிறது. அவருடைய குரல் சில இடங்களில் கரகரக்கும், மேலே போகையில் இழுபடும். அந்தக் குரலை மெருகேற்றாமல் விட்டதற்கும், பியானோவைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததற்கும் தயாரிப்பாளர் லூ ஆட்லருக்குக் கோயிலே கட்டலாம். பதினைந்து வாரம் முதலிடம், நான்கு கிராமி விருதுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

எல்.பி.யில் கேட்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஆறு பாட்டு முடிந்ததும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பியதும் வருவது 'யூவ் காட் எ ஃப்ரெண்ட்'. அடடா, அந்தப் பியானோ தொடக்கம்! அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் பாடியதுதான் பெரிய ஹிட். அருமையாகத்தான் பாடியிருக்கிறார். ஆனாலும் நள்ளிரவில் கூப்பிட்டால் ஓடிவருவார் என்று நான் நம்புவது கரோலைத்தான்.

கடைசிப் பாட்டு, அரீதா ஃபிராங்க்ளின் 1967இல் பாடிப் புகழேற்றிய 'நேச்சுரல் உமன்'. அரீதாவுக்குப் பிறகு அதைத் தொடவே துணிச்சல் வேண்டும். கரோல் போட்டிக்கே போகவில்லை. பியானோ, பக்கத்தில் ஒரு பேஸ், அவ்வளவுதான்.

கோடிக்கணக்கில் விற்ற ஆல்பம் என்பதால் பழைய பிரதிகளுக்குப் பஞ்சமில்லை. இதை வெளியிட்ட ஓட் நிறுவனத்தின் எழுபதுகளின் பிரதி கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். வாங்கியதும் முதலில் இரண்டாம் பக்கத்தைப் போடுங்கள்.