சாத்தான் சேர்த்துவிட்ட ஆட்டக்காரர்

1945 பேஸ்பால் சீசன் முழுக்க வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி தன் சொந்த மைதானத்தில் அடித்த ஹோம் ரன் ஒன்றே ஒன்று. அதுவும் வேலி தாண்டிப் போகவில்லை. ஜோ கூல் அடித்த பந்து மைதானத்துக்குள்ளேயே உருண்டோட, எதிரணி அதை எடுத்து எறிவதற்குள் அவர் நான்கு பேஸையும் ஓடி முடித்துவிட்டார். கிரிஃபித் ஸ்டேடியத்தின் இடப்பக்க வேலி அப்போது 400 அடிக்கும் அப்பால் இருந்தது. வலது கை அடிப்பாளர்களுக்கு அது பெரிய சோதனை. அந்த ஆண்டு செனட்டர்ஸுக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். முதலிடம் பிடித்த டெட்ராய்ட் டைகர்ஸுக்கும் அவர்களுக்கும் இடைவெளி வெறும் ஒன்றரை ஆட்டம். தூக்கி அடிக்க ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் என்று வாஷிங்டன் ரசிகர்கள் புலம்பியிருந்தால், அதில் நியாயம் உண்டு.

பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் புலம்பல் பிராட்வே மேடையில் ஏறியது. 'டேம் யாங்கீஸ்' இசை நாடகத்தின் நாயகன் ஜோ பாய்ட், நடு வயது வீட்டுமனைத் தரகர். செனட்டர்ஸ் தோற்பதை டிவியில் பார்த்துப் பார்த்து நொந்துபோன அவர், பந்தை வெகுதூரம் விரட்ட ஓர் ஆள் கிடைத்தால் ஆன்மாவையே விற்றுவிடுவேன் என்கிறார். சொல்லி வாய் மூடுவதற்குள் ஆப்பிள்கேட் என்ற பெயரில் சாத்தான் வந்து நிற்கிறான். பாய்ட், ஜோ ஹார்டி என்ற 22 வயது இளைஞனாகி செனட்டர்ஸ் அணியில் சேர்கிறார். தொழில் புத்தி போகுமா? ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள ஒரு ஷரத்தையும் அவர் சாத்தானிடம் பேரம் பேசி வாங்கிவிடுகிறார்.

1955 மே 5 அன்று நியூயார்க்கின் 46-வது தெரு தியேட்டரில் அரங்கேறிய இந்த நாடகம், பிறகு இடம் மாறி மொத்தம் 1,019 காட்சிகள் ஓடியது. சிறந்த இசை நாடகம் உட்பட 7 டோனி விருதுகளை அள்ளியது. பாட்டையும் நடனத்தையும் நாடகப் பக்கம் பார்த்துக்கொள்ளட்டும். விளையாட்டுப் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரே ஒரு ஹிட்டர் வந்தால், அடிமட்டத்தில் கிடக்கும் அணி முதலிடத்துக்குப் போய்விடுமா?

103 வெற்றி போதாத ஆண்டு

அன்றைய பேஸ்பாலில் ஒரு லீகுக்கு எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 154 ஆட்டங்கள். பிளே ஆஃப் கிடையாது. லீகில் முதலிடம் பெறும் அணிக்குப் பென்னன்ட் எனப்படும் கொடி. அந்த அணி நேராக உலகத் தொடருக்குப் போகும். அமெரிக்கன் லீகின் அந்தக் கொடியை நியூயார்க் யாங்கீஸ் குத்தகைக்கு எடுத்தது மாதிரிதான் வைத்திருந்தது. கேஸி ஸ்டெங்கல் பயிற்சியில் 1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து உலகத் தொடர்களையும் வென்றது. எதிர்முனையில் வாஷிங்டன். அவர்கள் உலகத் தொடரை வென்றது 1924-ல் ஒரே முறை. கடைசியாகக் கொடி வாங்கியது 1933-ல்.

வாஷிங்டனில் பிறந்த டக்லஸ் வாலப் 1954-ல் எழுதி வெளியிட்ட நாவல்தான் நாடகத்துக்கு மூலம். யாங்கீஸ் கொடியை இழந்த ஆண்டு என்பதே அதன் தலைப்பு. கதை நடப்பது எதிர்காலத்தில், 1958-ல். ஆனால் நாவல் வந்த 1954-லேயே யாங்கீஸ் கொடியை நிஜமாகவே இழந்தது. அந்த ஆண்டு அவர்கள் மோசமாகவும் ஆடவில்லை. 103 ஆட்டங்களில் வென்றார்கள்; யாங்கீஸுடன் ஸ்டெங்கல் கழித்த 12 ஆண்டுகளில் அதுதான் உச்சம். ஐந்து கோப்பைகளை வென்ற ஆண்டுகளில் ஒன்றில்கூட அவர்கள் 100-ஐத் தொட்டதில்லை. அப்படியும் தோற்றதற்குக் காரணம், கிளீவ்லாந்து 111 வெற்றிகள் குவித்ததுதான். கிளீவ்லாந்தின் பலம் பந்துவீச்சு. பாப் லெமன், ஏர்லி வின் இருவரும் ஆளுக்கு 23 வெற்றிகள். லீகில் அதிக ஹோம் ரன் அடித்த லாரி டோபி அதே அணியில் இருந்தார் என்பதும் உண்மை. ஆனால் அவர் தனியாக இல்லை.

கதைக்குரிய 1958-ல் என்ன ஆனது? யாங்கீஸ் கொடியையும் வென்றது, மில்வாக்கி பிரேவ்ஸை வீழ்த்தி உலகத் தொடரையும் வென்றது. செனட்டர்ஸ் கடைசி இடம். நாடகம் திரைப்படமாகி வெளிவந்ததும் அதே ஆண்டு செப்டம்பரில்தான். திரையில் வாஷிங்டன் ஜெயித்துக்கொண்டிருக்க, மைதானத்தில் 93 தோல்விகளோடு சீசன் முடிந்தது.

இரண்டு முறை 42

ஜோ பாய்ட் கேட்ட ஹிட்டர் வாஷிங்டனுக்கு நிஜத்திலும் கிடைத்தார். ஒருவரல்ல, இருவர்.

முதலாமவர் ராய் சீவர்ஸ். 1957-ல் 42 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீகிலேயே முதலிடம் பெற்றார். யாங்கீஸ் நட்சத்திரம் மிக்கி மேன்ட்டில் உச்சத்தில் இருந்த காலத்தில் அவரையே முந்திய சாதனை அது. அந்த ஆண்டு செனட்டர்ஸ் 55 ஆட்டங்களில் வென்று 99-ல் தோற்றார்கள். கடைசி இடம். திரைப்படத்தில் ஜோ ஹார்டியாக நடித்த டாப் ஹன்டருக்கு மாற்றாக மட்டையடிக் காட்சிகளில் நின்றவரும் இதே சீவர்ஸ்தான். சாத்தான் அனுப்பிய வீரனின் அடி என்று ரசிகர்கள் திரையில் பார்த்தது, கடைசி இடத்து அணியின் சொந்த வீரர் அடித்த அடி.

இரண்டாமவர் ஹார்மன் கில்லபிரூ. ஐடஹோ மாநிலத்துப் பையன். இவரைப் பற்றி அணி உரிமையாளர் கிளார்க் கிரிஃபித்திடம் சொன்னவர் அம்மாநில செனட்டர் ஹெர்மன் வெல்கர். செனட்டர்ஸ் அணிக்கு ஒரு நிஜ செனட்டரே ஆள் பிடித்துக் கொடுத்தார். 1954-ல் ஒப்பந்தமானபோது கில்லபிரூவுக்கு 18 வயதுகூட நிறையவில்லை. ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 573 ஹோம் ரன்கள். 1959-ல் இவரும் சரியாக 42 அடித்தார். லீகில் ராக்கி கோலவிட்டோவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஆண்டும் செனட்டர்ஸ் கடைசி இடம்.

மூன்று ஆண்டு இடைவெளிக்குள் லீகின் முதல்தர ஹிட்டர் இரண்டு முறை வாஷிங்டனில் இருந்தார். இரண்டு முறையும் அணி மூழ்கியது. தனி மரம் தோப்பாகாது என்பதற்குப் பேஸ்பால் ஏட்டில் இதைவிடத் தெளிவான பதிவைத் தேட வேண்டியதில்லை. மட்டையைப் பிடிக்க ஒன்பது பேருக்கும் முறை வரும். மிகப் பெரிய ஹிட்டருக்கும் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து வாய்ப்புகள்தான். எஞ்சிய நேரம் எல்லாம் பந்துவீச்சாளரும் ஃபீல்டர்களும்தான் ஆட்டத்தைக் காக்க வேண்டும்.

சாத்தானின் குறி யார்?

நாடகத்தை எழுதிய ஜார்ஜ் அபட்டும் வாலப்பும் இதை அறிந்தே கதையை அமைத்திருக்கிறார்கள் என்பதற்கு மேடையிலேயே சாட்சி இருக்கிறது. 'ஹார்ட்' என்ற புகழ்பெற்ற பாட்டு எங்கே வருகிறது என்று பாருங்கள். ஜோ ஹார்டி அணியில் சேர்வதற்கு முன்னால். தோற்றுத் தோற்றுத் துவண்ட வீரர்களும் பயிற்சியாளர் வான் ப்யூரனும் தங்களுக்குத் தாங்களே தெம்பு சொல்லிக்கொள்ளும் பாட்டு அது. சாத்தான் கொண்டுவந்த திறமைக்கும் அந்தத் தெம்புக்கும் சம்பந்தமே இல்லை.

ஆப்பிள்கேட்டின் திட்டம் இன்னும் நுட்பமானது. ஒரு தரகரின் ஆன்மாவுக்காக மட்டும் அவன் இவ்வளவு மெனக்கெடவில்லை. செனட்டர்ஸைக் கொடிக்கு மிக அருகில் கொண்டுபோய்க் கடைசி நேரத்தில் கவிழ்த்துவிட வேண்டும். நம்பிக்கை வைத்த ரசிகர்கள் நெஞ்சு வெடித்துச் சாக வேண்டும். அதுதான் அவன் கணக்கு. எதிர்பார்ப்பே இல்லாத ரசிகனுக்குத் தோல்வி வலிக்காது. முதலில் நம்பிக்கையைக் கொடு, பிறகு பறி என்று கணக்குப் போடுகிற அந்தச் சாத்தானுக்கு விளையாட்டு ரசிகனின் மனம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஜோ மனைவி மெக்கை நினைத்து ஏங்கத் தொடங்கியதும், சாத்தான் தன் மாற்று ஆட்டக்காரரை இறக்குகிறான். அவள்தான் லோலா. 172 வயது, ஒரு காலத்தில் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்திலேயே அவலட்சணமான பெண் என்று பெயரெடுத்து, அழகுக்காக ஆன்மாவை விற்றவள். வீரர்களின் உடை மாற்றும் அறையில் அவள் ஆடும் மயக்கு நடனம் பிராவோ என்று கைதட்ட வைக்கும். ஆனால் ஸ்கோர் என்று பார்த்தால் பூஜ்யம். ஜோ அசைவதில்லை.

கடைசி ஆட்டத்துக்கு வருவோம். முடிவைத் தீர்மானிக்கும் பந்து உயரே பறக்கிறது. அதைப் பிடிக்க ஓடும் ஜோ ஹார்டியை, ஆத்திரத்தில் சாத்தான் பழைய ஜோ பாய்டாக மாற்றிவிடுகிறான். தொப்பையும் மூச்சிரைப்புமாக அந்த நடு வயதுக்காரர் பாய்ந்து கேட்ச் பிடிக்கிறார். செனட்டர்ஸுக்குக் கொடி. அலசுபவர் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஹோம் ரன் அடிக்க வந்தவர், கொடியை வாங்கித் தந்தது கேட்ச் மூலம். அந்த கேட்சும் சாத்தான் கொடுத்த உடம்பால் பிடித்ததல்ல. டிவி முன்னால் உட்கார்ந்து புலம்பிய ரசிகரின் சொந்த உடம்பால் பிடித்தது.

காலணி இல்லாத ஜோ

பேஸ்பால் தெரிந்தவர்கள் மட்டும் திடுக்கிடும் ஒரு குறிப்பும் நாடகத்தில் உண்டு. புதிதாக வந்த ஜோ ஹார்டிக்குக் காலணி சரியாக அமையவில்லை. அதைப் பார்த்த நிருபர் குளோரியா, மிசௌரியின் ஹனிபல் ஊரைச் சேர்ந்த 'ஷூலெஸ் ஜோ' என்று பட்டம் கட்டிவிடுகிறார். அந்தப் பட்டத்துக்கு நிஜச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். ஷூலெஸ் ஜோ ஜாக்சன், 1919 உலகத் தொடரைப் பணத்துக்கு விட்டுக்கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு வாழ்நாள் தடை பெற்ற எட்டு சிகாகோ வீரர்களில் ஒருவர். நாடகம் அரங்கேறியபோது அவர் இறந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. அவர் மீதான தடையை மேஜர் லீக் நீக்கியது 2025-ல்தான். ஜோ ஹார்டி மீதும் பின்னால் மோசடிப் பழி வருகிறது; அந்தப் பழியின் நிழலை முதல் பட்டப்பெயரிலேயே போட்டுவைத்திருக்கிறார்கள்.

மேடைக்குப் பின்னால் ஓர் அணி

இந்த நாடகத்தின் சொந்த வெற்றியும் ஒருவரால் வந்ததல்ல. இசையும் பாடலும் ரிச்சர்ட் ஆட்லர், ஜெர்ரி ராஸ் இணை. நடனம் பாப் ஃபாஸி. இயக்கம் அபட். தயாரிப்பாளர்களில் ஒருவர் 27 வயது ஹரால்ட் பிரின்ஸ். இதே குழு முந்தைய ஆண்டு 'பஜாமா கேம்' நாடகத்தைத் தந்திருந்தது; அது மொத்தம் 1,063 காட்சிகள் ஓடியது. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி. ஜெர்ரி ராஸ் 'டேம் யாங்கீஸ்' அரங்கேறிய ஆறே மாதத்தில், நுரையீரல் நோயால் இறந்தார், வயது 29.

லோலாவாக ஆடிய க்வென் வெர்டன் குழந்தைப் பருவத்தில் ரிக்கெட்ஸ் நோயால் கால் வளைந்து, கனத்த பூட்ஸ் போட்டு நடந்தவர். இந்த நாடகத்தில்தான் ஃபாஸியும் அவரும் முதன்முதலில் சேர்ந்து வேலை செய்தார்கள், 1960-ல் மணந்துகொண்டார்கள். விளம்பரத்திலும் ஒரு சுவையான திருப்பம். முதல் போஸ்டரில் வெர்டன் பேஸ்பால் சட்டையில், பச்சைப் பின்னணியில். பிறகு அது லோலாவின் கவர்ச்சி உடைக்கும் சிவப்புப் பின்னணிக்கும் மாறியது. பேஸ்பால் நாடகத்துக்கு பேஸ்பாலை வைத்தே டிக்கெட் விற்பதில் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை போலும்.

திரைப்படமாக்கியபோது ஹாலிவுட் செய்ததுதான் வேடிக்கை. பிராட்வே குழுவில் பெரும்பாலோரை அப்படியே வைத்துக்கொண்டு, நாயகன் வேடத்துக்கு மட்டும் டாப் ஹன்டர் என்ற நட்சத்திரத்தை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். ஜோ பாய்ட் கேட்ட அதே மாதிரி, ஒரே ஒரு ஹிட்டர். ஆனால் இன்றும் அந்தப் படத்தில் பேசப்படுவது வெர்டனும், சாத்தானாக வந்த ரே வால்ஸ்டனும்தான்.

தீர்ப்பு மைதானத்தில்

1960 சீசனுக்குப் பிறகு செனட்டர்ஸ் அணி மின்னசோட்டாவுக்குக் குடிபெயர்ந்து ட்வின்ஸ் ஆனது. யாங்கீஸ் 1960 முதல் 1964 வரை மறுபடியும் தொடர்ந்து ஐந்து கொடிகளை எடுத்தது. 1965-ல் அந்த வரிசையை உடைத்துக் கொடியைப் பறித்த அணி எது தெரியுமா? ட்வின்ஸ். நாவலாசிரியர் கண்ட கனவு ஏழு ஆண்டு தாமதமாக, ஊர் மாறி நிறைவேறியது. அந்த ஆண்டு கில்லபிரூ முழங்கை விலகி ஆகஸ்ட் முதல் பல வாரங்கள் ஆட முடியவில்லை. லீகின் மிகச் சிறந்த வீரர் விருது ஷார்ட் ஸ்டாப் சோய்லோ வெர்சாயஸுக்குப் போனது. ஹிட்டர் வெளியே உட்கார்ந்திருந்த ஆண்டில்தான் கொடி வந்தது.

வாஷிங்டன் நகரத்துக்கு நேஷனல்ஸ் என்ற அணி 2005-ல் வந்தது. அதன் பெரிய ஹிட்டர் பிரைஸ் ஹார்ப்பர் 2019 சீசனுக்கு முன் 33 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பிலடெல்ஃபியாவுக்குப் போனார். மே மாதம் நேஷனல்ஸ் 19 வெற்றி, 31 தோல்வி என்று தள்ளாடியது. அக்டோபரில் ஹூஸ்டனை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்தி உலகத் தொடரை வென்றது. வென்ற நான்கு ஆட்டங்களும் எதிரணியின் மைதானத்தில். 95 ஆண்டுகளுக்குப் பிறகு வாஷிங்டனுக்கு வந்த கோப்பை அது. ஹுவான் சோட்டோ, ஆன்டனி ரெண்டன் என்று நல்ல அடிப்பாளர்கள் அந்த அணியிலும் இருந்தார்கள்தான். ஆனால் தொடரின் சிறந்த வீரர் பட்டம் பந்துவீச்சாளர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்குக்கு.

ஆன்மாவை அடகு வைத்துத்தான் தீரவேண்டும் என்று ஒரு ரசிகர் இனிமேலும் பிடிவாதம் பிடித்தால், அவருக்கு ஒரு யோசனை: ஹிட்டரைக் கேட்காதீர்கள். நல்ல பந்துவீச்சாளர்கள் நாலு பேரைக் கேளுங்கள்.