உடல் மறுக்கும் காட்சிகள்

வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ திரைப்படத்தை எர்ணாவூரில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் சிலருடன் அமர்ந்து அண்மையில் மீண்டும் பார்த்தோம். காவல் நிலையத்தில் அடி விழத் தொடங்கிய சில நிமிடங்களில் பெரியவர் ஒருவர், வயிற்றைப் புரட்டுகிறது என்று கூறி எழுந்து வெளியே சென்றுவிட்டார். இத்தகைய படத்தை எடுப்பதும் பார்ப்பதும் பாவமில்லையா என்று இளைஞர் ஒருவர் வினவினார். இவ்விரு எதிர்வினைகளும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. பார்ப்பவரின் உடலையே நோகச் செய்யும் படங்களை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது?

கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1983இல் குண்டூர்க் காவல் நிலையத்தில் தாம் அடைந்த சித்திரவதையை ‘லாக்கப்’ என்னும் நூலாக எழுதினார். அதனைத் தழுவி உருவான ‘விசாரணை’ 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, அங்கு அம்னெஸ்டி இன்டர்நேஷனல் இத்தாலியா விருதைப் பெற்றது. 2016 பிப்ரவரியில் தமிழகத்தில் வெளியானது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளுமாறு பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ்த் தொழிலாளர் நால்வர் அடிக்கப்படுகிறார்கள். அவர்களுள் ஒருவன் அஃப்சல். பெயரைச் சொன்ன உடனேயே அவனிடம் கேட்கப்படும் கேள்விகள் தீவிரவாத இயக்கங்களை நோக்கித் திரும்புகின்றன. நம் சமுதாயத்து வாசகர் எவருக்கும் அக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

குமட்டலைக் குறைபாடாக மட்டும் கருதுவது பிழை. எர்ணாவூர் மக்கள் இதனை நன்கறிவர். 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்துவந்த எண்ணெய்க் கழிவு இவ்வூர் வீடுகளுக்குள்ளும் படிந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எர்ணாவூருக்கு வடக்கே பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் வாந்தியுமாக விழித்தெழுந்த மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். எந்த அறிவிப்பும் வருமுன்னே உடல்தான் அவர்களை எச்சரித்தது. தீங்கை உடல் மறுப்பது இறைவன் மனிதனுக்கு அளித்த பாதுகாப்பு. அம்மறுப்பு மரத்துப்போவதே அஞ்சத்தக்கது.

எனினும் குமட்டல் அனைத்தும் ஒரே வகையானதன்று. கஸ்பார் நோயே இயக்கிய ‘இர்ரெவர்சிபிள்’ என்னும் பிரெஞ்சுப் படம் 2002இல் கான் விழாவில் காட்டப்பட்டபோது பலர் அரங்கைவிட்டு வெளியேறினர், சிலர் மயங்கினர். அப்படத்தின் தொடக்கப் பகுதியில் செவிக்கு அரிதாகவே புலப்படும் தாழ்ந்த அதிர்வொலி வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்தது. படப்பிடிப்புக் கருவியும் ஓயாமல் சுழன்றது. கண் அசைவைக் காண, உட்செவி அசைவின்மையை உணர, இம்முரண்பாட்டால் கடற்பயணத்தில் போல் தலைசுற்றுகிறது. இங்கே உடல் எந்த அநீதியையும் மறுக்கவில்லை. ஒரு பொறிக்கு ஆட்படுகிறது, அவ்வளவே. ‘விசாரணை’யில் நிகழ்வது வேறு. அங்கே நம்மை வருத்துவது குற்றமற்றவன் முதுகில் அடி விழுகிறது என்னும் அறிவு. முன்னதில் நாம் நம்மை எண்ணி வருந்துகிறோம்; பின்னதில் அடிபடுபவனை எண்ணி வருந்துகிறோம்.

அளவுகோலை இறைமறையிலிருந்தே பெறலாம். இறையச்சமுடையோர் வேதத்தைச் செவியுறும்போது அவர்களின் மேனி சிலிர்க்கிறது என்றும், பின்னர் மேனியும் உள்ளமும் இறைநினைவின்பால் இளகுகின்றன என்றும் அஸ்ஸுமர் அத்தியாயம் (39:23) உரைக்கிறது. வேதம் ஓதுதலையும் திரைப்படத்தையும் ஒப்பிடுவது நம் நோக்கமன்று. சிலிர்ப்பு முடிவன்று, அதனைத் தொடரும் இளக்கமே பயன் என்னும் நெறியை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறோம். சிலிர்க்கச் செய்து இறுகவைக்கும் கலையும் உண்டு. கல்லினும் கடிதாக இறுகிய உள்ளங்களைப் பற்றியும் அதே மறை (2:74) எச்சரிக்கிறது.

இந்நெறிப்படி நோக்கினால், நாம் பெரிதும் கவலைகொள்ள வேண்டியது பார்ப்பவரை நோகச்செய்யும் படங்களைக் குறித்தன்று. அதே வன்முறையைக் கண்டு பார்ப்பவர் கைதட்டும் படங்களைக் குறித்தே. 2003இல் வெளியான ‘சாமி’, ‘காக்க காக்க’ ஆகியவற்றில் சட்டத்தை ஒதுக்கிவைத்துக் கொல்லும் காவலர் வீரராகப் போற்றப்பட்டார். எவருக்கும் வயிறு புரளவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையினரால் தாக்கப்பட்டு இறந்தபோது, ‘சாமி’யின் இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விடுத்தார். அந்நேர்மை பாராட்டத்தக்கது. எனினும் கைதட்டிய நாம் அத்தகைய அறிக்கை எதனையும் விடவில்லை.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி பதிவாகியுள்ளது. ஷாம் நாட்டில் வரி செலுத்தாத குடியானவர் சிலர் வெயிலில் நிறுத்தப்பட்டு, அவர்களின் தலையில் எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது. அவ்வழியே சென்ற நபித்தோழர் ஹிஷாம் பின் ஹகீம் (ரலி) அதனைக் கண்டு நின்றார், காரணம் கேட்டார். உலகில் மக்களை வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் என்று நபிகள் நாயகம் (ஸல்) கூறக் கேட்டதாகச் சான்று பகர்ந்தார். ஆளுநரிடம் சென்று அதனை எடுத்துரைத்தார். அவர்கள் விடுவிக்கப்பட்டனர். வதைக்கப்பட்டோர் எச்சமயத்தவர் என்பது அவருக்குத் தடையாகவில்லை. கண்டது, நின்றது, சொன்னது, விடுவித்தது என்னும் இவ்வரிசையில் திரைப்படத்தால் இயலக்கூடியது முதல் இரண்டும், மூன்றாவதில் ஒரு பகுதியுமே. நான்காவது பார்ப்பவரைச் சார்ந்தது.

‘விசாரணை’யிலும் குறை உண்டு. அடியின் ஓசை சில இடங்களில் தேவைக்கு மேல் நீள்கிறது. சிறுவர்க்கு இப்படம் உரியதன்று. உள்ளம் தாங்காதவர் விலகிக்கொள்வதிலும் தவறில்லை. எனினும் எடுத்தது பாவமா என்று கேட்ட இளைஞருக்கு நம் விடை இதுவே: வதையை வதையாகவே காட்டிய படம் பொய் சொல்லவில்லை, அதனை வீரமாகக் காட்டிய படங்களே பொய் சொல்லின.

படம் முடிந்தபின் அப்பெரியவர் மீண்டும் உள்ளே வந்தார். படம் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. “அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டார்களா?” என்றே கேட்டார். இல்லை என்று சொல்ல எங்களுள் எவருக்கும் உடனே நா எழவில்லை. பாதியில் எழுந்து சென்ற அவரே அப்படத்தை முழுமையாகப் பார்த்தவர் என்பது நம் கருத்து.