திண்ணை, ஷட்டர், வாசற்படி: ஒரு வீட்டை வாசித்தல்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய வீடு ஹார்டுவேர் கடையாகியிருக்கிறது. அதைப் பார்த்த கவிஞ நண்பர் ஒருவர், 'வீட்டைக் கொன்னுட்டாங்கய்யா' என்றார். ஆதங்கம் பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் எதையெல்லாம் மறைத்துவைத்துக்கொண்டு பேசுகிறது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கட்டடம். தெருவைப் பார்த்த இரண்டு திண்ணை, நடுவே கதவு, பிறகு ரேழி, முற்றம், அதைச் சுற்றிக் கூடம், இரண்டாம் கட்டு, கடைசியில் கிணறும் கொல்லையும். கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கலைக் குத்துவாக்கில், மூலைவாட்டாக, சுண்ணாம்புச் சாந்தில் பதித்து எழுப்பியது. இப்போது ஒரு திண்ணையை இடித்து ஷட்டர் போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் பெயின்ட் டப்பாக்கள். முற்றத்துக்கு மேலே ஃபைபர் ஷீட், கீழே பி.வி.சி. பைப்புகள். கூடத்துத் தூண்களில் ஆணி அடித்துத் தாழ்ப்பாளும் கீலும் சரம்சரமாகத் தொங்குகின்றன.

நண்பரின் வாக்கியம் வீடு × கடை என்றொரு எதிர்வைக் கட்டமைக்கிறது. வீடு புனிதம், கடை அதைத் தின்னவந்த சந்தை. சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்த்தது. குடியிருக்கவென்று வாங்கிய இடத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் வாடகைக்காரரை வெளியேற்றலாம் என்றது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். (2019இல் அதன் இடத்துக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டது.) ஆனால் வரலாறு இந்த எதிர்வுக்குச் சாட்சி சொல்ல வரமாட்டேன் என்கிறது. புதுச்சேரிப் பெரிய அங்காடியை ஒட்டி நிற்கும் ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761) வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே தமிழ் மரபின் மரத்தூண்கள், மேலே ஐரோப்பிய பாணித் தூண்கள். துய்ப்ளேயின் துபாஷியாகவும் வணிகராகவும் இருந்தவரின் வீடு அது. அவருடைய நாட்குறிப்பில் குடும்பச் செய்தியும் கப்பல் செய்தியும் ஒரே மூச்சில்தான் வருகின்றன. செட்டிநாட்டு வீடுகளிலும் முகப்புதான் கொடுக்கல்வாங்கலுக்கான இடம். அந்தத் தேக்கும் அதை வாங்கிய பணமும் பர்மாவிலிருந்து வந்தவை. நாம் புனிதம் என்று சொல்லும் வீடு சந்தைக் காசில் எழும்பியது.

அப்படியானால் மாறியது எது? யார் எதுவரை வரலாம் என்ற கணக்கு மாறியது. திண்ணை, ரேழி, கூடம், சமையற்கட்டு என்பதை அறைகளின் வரிசையாக மட்டும் வாசிக்க முடியாது. அது சாதியின் படிவரிசை. பூந்தமல்லி திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். பிராமணரல்லாத அவரை ராமானுஜர் காஞ்சியில் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து உண்டு போக, அந்த இடத்தை அவர் மனைவி கழுவிவிட்டார் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். நம்பிக்கு இங்கே கோயிலில் சந்நிதி உண்டு. அந்த வீட்டுக் கூடத்தில் அவர் இருந்த தடம் கழுவப்பட்டது.

எங்க ஆயா கீரை விற்றவர். நாங்கள் காலனிக்காரர்கள். இந்த ஹார்டுவேர் கடை வீடாக இருந்த காலத்தில் ஆயா கூடையோடு போனது கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான். காசு கைக்கு வராது, படியில் வைக்கப்படும். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க ஆயாவோடு அங்கே போனேன். அதற்குள் அது கடையாகியிருந்தது. ஆயா வாசற்படிக்கு வெளியே நின்று, 'செருப்பை இங்கியே வுட்டுடட்டா?' என்று கேட்டார். கடைப்பையன், 'அதெல்லாம் வாணாம் பாட்டி, உள்ள வா' என்றான். ஆயா அப்படியும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனார். கூடத்தின் நடுவில் நின்று மேலே உத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நண்பர் 'கொலை' என்று சொல்வது ஆயாவுக்கு அந்த வீட்டின் முன்வாசல் முதன்முதலாகத் திறந்த சம்பவம்.

இதற்காகக் கடையை விடுதலையின் குறியீடாக்கிவிடவும் என்னால் முடியவில்லை. பையன் கூப்பிட்டது வாடிக்கையாளரை. தாழ்ப்பாளுக்குக் காசு இல்லையென்றால் உள்ளே வேலையில்லை. போன திண்ணையும் சாதாரணமானதல்ல. யார் உட்காரலாம் என்ற கட்டுப்பாடு அதற்கும் இருந்தது என்றாலும், காசு கேட்காமல் தெருவுக்கு நிழல் கொடுத்த இடம் அது. ஷட்டருக்கு முன்னால் யாரும் உட்கார முடியாது.

ஆனால் நண்பர் கேட்கும் மீட்பு எப்படியிருக்கும்? காரைக்குடியில் பிரித்த வீடுகளின் தூணும் கதவும் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டைச் சீட்டு வாங்கிப் பார்க்கலாம். புதுச்சேரியின் தமிழ் வீதிகளில் புதுப்பித்த வீடுகள் சில விடுதிகளாகிவிட்டன. அங்கெல்லாம் முற்றத்துக்கு வெளிச்சம் திரும்பியிருக்கிறது. வாசற்படியும் திரும்பியிருக்கிறது, இம்முறை அறை வாடகையாக. அந்தப் படியில் நின்று ஆயா மறுபடியும் செருப்பைப் பற்றிக் கேட்பார். 'உள்ள வா' என்று சொல்ல அங்கே எவனும் இருக்கமாட்டான்.

பழைய வீடுகளைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தச் சுண்ணாம்புக் கூரையை ஒழுங்காகப் பழுதுபார்க்கத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவருகிறார்கள். அந்த அறிவு போனால் நஷ்டம் எல்லோருக்கும்தான். முற்றத்தின் மேலிருக்கும் ஷீட்டை எடுக்கட்டும், திண்ணையை மறுபடி கட்டட்டும். கொல்லைப்புறச் சந்தையும் வரைபடத்தில் குறிக்கட்டும். அதன் வழியாக வந்துபோனவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் வீட்டு வரலாறு வீட்டுக்காரரின் வரலாறு மட்டுமே.