டீக்கடையில் உட்கார்ந்து தொட்டியை ஆய்வு செய்ய முடியாது

கள ஆய்வுச் செயலிகளின் விளம்பரங்களில் எப்போதும் டாஷ்போர்டுதான் முன்னால் நிற்கும். வண்ண வட்டங்கள், எத்தனை சதவீதம் முடிந்தது என்று ஒரு பெரிய எண். ஊராட்சிகளின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளை ஆய்வு செய்யும் குழுவை நடத்துகிற எனக்கு அதனால் பெரிய உபயோகமில்லை. ஆள் உண்மையிலேயே தொட்டிவரை போனாரா, கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துப் பார்த்தாரா, டவர் கிடைக்காத ஊரில் பதிந்தது பத்திரமாக வந்து சேருமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். இதற்கெல்லாம் ஓ.டி.கே. என்ற மென்பொருளிடம் நேரான பதில் இருக்கிறது. ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் விஷயத்தில் மட்டும் அது பாதிக் கிணறுதான் தாண்டுகிறது.

2008-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேட்டனோ பொரியெல்லோவும் அவருடைய மாணவர்களும் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. செல்போனில் இருப்பது ‘கலெக்ட்’, சர்வரில் இருப்பது ‘சென்ட்ரல்’. தொண்டு நிறுவனங்களில் பலரும் பயன்படுத்தும் கோபோ டூல்பாக்ஸின் செல்போன் செயலியும் கலெக்டின் நிரலிலிருந்து வந்ததுதான். அதில் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

படிவத்தை எக்செலில் எழுத வேண்டும். ஒரு தாளில் கேள்விகள், இன்னொன்றில் விடைத் தேர்வுகள், மூன்றாவதில் அமைப்புகள். கேள்விக்கு ஆங்கிலப் பத்தி ஒன்றும் பக்கத்தில் தமிழ்ப் பத்தி ஒன்றும் வைத்துவிட்டால், ஆய்வாளர் மெனுவில் தமிழைத் தேர்ந்து கொள்வார். அலுவலகத்துக்கு வரும் தரவு எந்த மொழியில் நிரப்பினாலும் ஒன்றாகவே இருக்கும். எக்செல் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது: படிவத்தின் பழைய வடிவம், புதிய வடிவம் எல்லாம் சாதாரணக் கோப்புகளாகக் கையில் இருக்கும்.

குளோரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500-இன்படி குழாய்த் தண்ணீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, வரும் மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவார்கள். வெயிலில் நின்றுகொண்டு 0.2 என்று அடிக்கும்போது புள்ளி விடுபட்டு 2 ஆகிவிடுவது சகஜம். படிவத்தில் வரம்பு வைத்தால் அதைத் தாண்டிய எண்ணைச் செயலி ஏற்காது, அடுத்த பக்கத்துக்கே விடாது. ஆனால் குளோரினைக் கொட்டிவிட்ட ஊரில் நிஜமாகவே 2 வந்தால்? ‘சந்தேகமாக இருக்கிறது, ஆனாலும் ஏற்றுக்கொள்’ என்ற நடுவழியை வரம்புப் பத்தி தருவதில்லை. எண் அளவுக்கு மீறினால் மட்டும் தோன்றும் ஒரு குறிப்பையும், ‘மறுபடி சோதித்தீர்களா?’ என்ற துணைக்கேள்வியையும் நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். அது பெரிய வேலையில்லை.

படம் எடுக்கும் இடத்தில் ஓ.டி.கே. கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. தொட்டிச் சுவரில் சுத்தம் செய்த தேதியையும் அடுத்துச் செய்ய வேண்டிய தேதியையும் பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். அதைப் படமெடுக்கச் சொல்லும் கேள்வியில் ‘நியூ’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், கேலரியிலிருந்து பழைய படத்தைப் போடும் வழி மறைந்துவிடும். கேமராவைத் திறந்துதான் ஆக வேண்டும். படத்தின் நீள அகலத்துக்கு உச்சவரம்பு வைக்கவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பல எம்.பி. எடையுள்ள படங்கள் மலையூரின் ஒற்றைக் கோட்டு சிக்னலில் ஏறவே ஏறாது.

இருப்பிடத்தைப் பதியும்போது துல்லியம் 5 மீட்டருக்குள் வந்ததும் கலெக்ட் தானே பிடித்துக்கொள்ளும். இதோடு ‘ஆடிட்’ வரி ஒன்றைப் படிவத்தில் சேர்த்தால், எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்ற பதிவும் வரும். மொத்தப் படிவமும் இரண்டு நிமிடத்தில் முடிந்திருந்தால் அது டீக்கடையில் நிரப்பியது என்று யூகிக்கலாம். “எங்களை வேவு பாக்குறீங்களா சார்?” என்று குழுவில் கேட்கத்தான் செய்வார்கள். முதல் நாளே எதிரில் உட்கார வைத்து, என்னென்ன பதிவாகும் என்று திறந்து காட்டிவிடுவது உத்தமம். அந்தப் பதிவு என் படிவத்தையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கிறது. எல்லோரும் ஒரே கேள்வியில் தடுமாறி நின்றால் குறை ஆளிடம் இல்லை. டேங்க் ஆபரேட்டர் வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துவர வேண்டிய கேள்வியை நடுவில் வைத்திருப்பேன். அதைக் கடைசிக்குத் தள்ளினால் சரியாகிவிடும்.

சிக்னல் இல்லாமல் நாள் முழுக்க வேலை செய்யலாம். முடித்த படிவங்கள் செல்போனிலேயே இருந்து, இணையம் கிடைத்ததும் கிளம்பும். கல்வராயன் மலை மாதிரி இடங்களுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் இந்த ஒன்றுக்காகவே இதை எடுத்துக்கொள்ளலாம்.

இனி குறைகள். சென்ட்ரலில் வந்து விழும் ஒவ்வொரு படிவத்தையும் ‘ஏற்றது’, ‘குறை உள்ளது’, ‘நிராகரித்தது’ என்று குறித்து, பக்கத்தில் கருத்தும் எழுதலாம். மேற்பார்வைக்கு அருமையான வசதி. ஆனால் ‘படம் மங்கல், மறுபடி எடுக்கவும்’ என்று நான் எழுதும் கருத்து ஆய்வாளரின் செல்போனுக்குத் தானாகப் போகாது. வாட்ஸ்அப்பில் சொல்லியாக வேண்டும். இந்த ஊர் இன்னாருக்கு, இந்தத் தேதிக்குள் என்று ஒதுக்கிக் கெடு வைக்கும் பலகையும் இல்லை. ‘என்டிட்டி’ என்ற வசதியால் தொட்டிகளின் பட்டியலை ஏற்றி, ஆய்வாளர் தன் பெயரைத் தேர்ந்ததும் அவர் பங்குத் தொட்டிகள் மட்டும் தெரியும்படி வடிகட்டலாம். ஆய்வு முடிந்ததும் பட்டியலில் தேதி மாறும்படியும் செய்யலாம். நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அதை அமைக்கப் படிவம் எழுதத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். கலெக்ட் ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். ஐபோன்காரர்கள் பிரவுசரில் நிரப்ப வேண்டியதுதான்.

இதற்கு நேரெதிர் ஆஸ்திரேலியாவின் சேஃப்டிகல்ச்சர், பழைய பெயர் ஐஆடிட்டர். கண்ட குறையை அங்கேயே ஒருவர் பெயரில் ஒதுக்கிக் கெடு வைக்கலாம். ஆய்வு முடிந்த கையோடு பி.டி.எஃப். அறிக்கை தயார். தொழிற்சாலை, ஓட்டல் மாதிரி தினமும் அதே இடத்தைச் சுற்றும் ஆய்வுக்கு அதுதான் சரி. ஆனால் குழு பெருகப் பெருக ஆள் கணக்கில் கட்டணம் ஏறும்.

ஓ.டி.கே.யைச் சொந்த சர்வரில் நிறுவினால் மென்பொருளுக்குக் காசில்லை, சர்வர் வாடகையும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும்தான் செலவு. அந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு ஓ.டி.கே. குழுவினரே கட்டணத்துக்கு நடத்தித் தருகிறார்கள். ஊர் ஊராகச் சுற்றும் குழு, எக்செல் தெரிந்த ஒருவர், ஆண்ட்ராய்டு செல்போன்கள் இருந்தால் ஓ.டி.கே.யை எடுங்கள். குறையைக் கண்டுபிடிப்பதைவிட அதைச் சரிசெய்ய வைப்பதுதான் உங்கள் வேலை என்றால் வேறு செயலி பாருங்கள்.