47க்கும் 74க்கும் இடையில்

2025 ஜூலை 5ஆம் திகதி தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நடந்த ஆட்டத்தை இந்தியப் பெண்கள் அணி 2-1 என்று வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் மேற்கு வங்கத்தின் கல்யாணி ஊரைச் சேர்ந்த சங்கீதா பாஸ்ஃபோர். ஒன்று 28ஆவது நிமிடத்தில், மற்றது 74ஆவது நிமிடத்தில். மறுநாள் செய்திகள் எல்லாம் அவர் பெயரைத்தான் தூக்கிப் பிடித்தன. அதில் தவறில்லை. ஆனால் உதைபந்தாட்டத்தை ரசித்துப் பார்க்கிறவர்கள் அந்த ஆட்டத்தில் மீண்டும் மீண்டும் போய் நிற்க வேண்டிய இடம் வேறு. இடைவேளை முடிந்து வந்த இரண்டே நிமிடத்தில், 47ஆவது நிமிடத்தில், தாய்லாந்தின் சச்சவான் ரொட்தோங் கோலடித்து 1-1 என்றாக்கினார். அங்கிருந்து 74 வரையுள்ள 27 நிமிடங்கள். ஓர் அணி எப்படிப்பட்டது என்று அங்கேதான் தெரியும்.

பெயரளவில் அது ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றின் ஒரு பிரிவு ஆட்டம். நடந்ததோ முழுமையான நொக் அவுட். அதற்கு முன் இந்தியா மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0 என்று வென்றிருந்தது. தாய்லாந்தும் அதே மூன்று அணிகளை வென்றிருந்தது. கூட்டிப் பார்த்தால் இரண்டு அணிகளுக்கும் அடித்த கோல் 22, வாங்கிய கோல் பூச்சியம். புள்ளி, கோல் வித்தியாசம், எதிலும் மயிரிழை வேறுபாடில்லை. பிரிவிலிருந்து ஒரே ஓர் அணிக்குத்தான் வழி. சமநிலையில் முடிந்தால் பெனால்டி. அன்றைக்கே தாஷ்கந்தில் நேபாளத்துக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அதுதான் நடந்தது: சமநிலை, பெனால்டி, நேபாளம் வெளியே. நம் இலங்கை அணியும் அந்தப் பிரிவில்தான் ஆடியது.

நேபாளத்தை இங்கே சும்மா இழுக்கவில்லை. சியாங் மாயில் இந்தியா காட்டிய நிதானத்தின் அருமை புரிய வேண்டுமானால், அதற்கு முந்தைய ஒக்டோபரில் காத்மண்டுவில் நடந்ததைப் பார்த்தாக வேண்டும்.

2024 ஒக்டோபர் 27, தசரத் ரங்கசாலா மைதானம், தெற்காசியக் கிண்ண அரையிறுதி. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் நேபாளத்தின் ரேகா பௌதேல் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேரோடு நின்ற அணிக்கு எதிராக 62ஆவது நிமிடத்தில் தூரத்திலிருந்து ஓர் அடி. அடித்தவர் அன்றும் இதே சங்கீதாதான். இந்தியர்கள் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே நேபாளம் பந்தை நடுவில் வைத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டது. சபித்ரா பண்டாரி ஓடிப் போய் வலைக்குள் தள்ளினார். நடுவர் அதைக் கோலாக ஏற்கவில்லை. ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது.

மீண்டும் தொடங்கியதும் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. முன்னிலை இந்தியாவிடம், ஆள்பலமும் இந்தியாவிடம். செய்ய வேண்டியது பந்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு பத்துப் பேரை ஓடவிடுவது. அவ்வளவே. ஆனால் உடம்பு ஆறிப் போய், மனசு எங்கோ போய், சில நிமிடங்களிலேயே சபித்ராவை அடிக்கவிட்டார்கள். இம்முறை அது கணக்கில் ஏறியது. பெனால்டியில் நேபாளம் 4-2. பிரான்ஸ் லீக்கில் ஆடிய சபித்ராவின் திறமை யாரும் மறுக்க முடியாதது. இருந்தாலும் அன்று இந்தியாவைத் தோற்கடித்தது நேபாளத்தைவிட அந்த நீண்ட நிறுத்தமும், அதற்குப் பிறகு கூடி நிற்கத் தெரியாமல் போனதும்தான்.

இப்போது சியாங் மாய்க்கு வரலாம். எதிரே நிற்பது 2015, 2019 என்று இரண்டு உலகக் கிண்ணங்கள் ஆடிய அணி. அப்போதைய தரவரிசையில் தாய்லாந்து 46, இந்தியா 70. மைதானம் அவர்களுடையது, கூச்சல் அவர்களுடையது. சங்கீதா பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த முதல் கோல் தந்த தெம்பும் 47ஆவது நிமிடத்தில் போய்விட்டது. காத்மண்டுவில் பட்டவர்களுக்கு அந்தக் காயம் அந்த நொடியில் ஞாபகம் வராமல் இருந்திருக்காது.

கோல் வாங்கிய அணி இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, பயந்து பின்னால் ஒடுங்கும். மற்றது, ஆத்திரப்பட்டு எல்லோரும் முன்னால் பாய்ந்து முதுகைத் திறந்துகொடுக்கும். நானுஓயாவில் கொழுந்து மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. கொழுந்து பறிக்க நெரை (வரிசை) பிடித்து ஏறும்போது ஒருத்தி மாத்திரம் விறுவிறுவென்று முன்னே போனாலும், ஒருத்தி பின்தங்கினாலும் மலையில் விடுபட்ட இடம் பளிச்சென்று தெரியும். பின்களத்துக்கும் நடுக்களத்துக்கும் இடையே விழும் இடைவெளியும் அப்படித்தான். கேலரியில் இருப்பவர் பந்தைப் பார்ப்பார். எதிரணியின் நல்ல முன்கள ஆட்டக்காரி அந்த இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்தியா இரண்டு விதமாகவும் கெடவில்லை. ஒடுங்கவில்லை என்பதற்கு 74ஆவது நிமிடமே அத்தாட்சி: அந்தக் கோல் கோர்னரைத் தொடர்ந்து வந்தது. கோர்னர் கிடைக்க வேண்டுமானால் பந்து எதிராளியின் கடைக்கோடி வரை போயிருக்க வேண்டும். பாய்ந்து கெடவில்லை என்பதற்கு, கடைசி விசில் வரை தாய்லாந்துக்கு இரண்டாவது கோல் விழவில்லை என்பது அத்தாட்சி.

இரண்டு கோல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சங்கீதாவின் ஆட்டம் விளங்கும். முதலாவது, தனக்குக் கிடைத்த கொஞ்ச இடத்தில், தயங்காமல், தூரத்திலிருந்து அடித்தது. அது காலின் துணிச்சல். இரண்டாவது, கோல் வாசலில் ஆட்கள் முட்டி மோதும் நெருக்கடிக்குள் போய்த் தலையால் முட்டியது. அது உடம்பின் துணிச்சல். நடுக்களத்தில் பந்தைப் பறித்துக் கொடுக்கும் வேலைக்காரி ஒருத்தி, அந்த ஓட்டமெல்லாம் ஓடிய பிறகு, 74ஆவது நிமிடத்தில் அங்கே போய் நின்றாளே, அந்தப் போய் நிற்றல்தான் அழகு. தேர்ந்த கண்ணுக்கு அடியைவிட அது பெரிது.

அப்போதைய பயிற்றுநர் கிறிஸ்பின் சேத்ரிக்கும் இதில் பங்குண்டு. 2023-24 பருவத்தில் ஒடிசா அணியை இந்தியப் பெண்கள் லீக் சாம்பியனாக்கியவர் அவர். அவருக்குத் துணையாகக் கேரளத்தின் பி.வி. பிரியா. 1979, 1983 ஆண்டுகளில் ஆசியக் கிண்ணத்தில் இரண்டாம் இடம் பிடித்த இந்தியா, 2003க்குப் பின் அதுவரை அந்தப் போட்டியை முழுதாக ஆடி முடித்ததில்லை. 2022இல் தன் சொந்த மண்ணில் நடந்தபோதுகூட அணிக்குள் கொரோனா புகுந்து பாதியில் விலக நேர்ந்தது. தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே போனது இதுதான் முதல் தடவை.

அந்த அணியில் நமக்கு நெருக்கமான பெயர்களும் உண்டு. ஈராக்குக்கு எதிராகக் கோலடித்த கார்த்திகா அங்கமுத்து தமிழ்நாட்டுப் பிள்ளை. முன்களத்தின் அஞ்சு தமாங், வடக்கு வங்கத்தில் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பீர்பாரா ஊர்க்காரர். சமதரையே அரிதான மலைச் சரிவில், லயத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும் துண்டு நிலத்தில் பந்து உருட்டும் நானுஓயா, ரதல்லைப் பக்கத்துச் சிறுமிகள் அஞ்சுவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கை அணி இதே தெற்காசியக் கிண்ணத்தில் 2019இல் அரையிறுதி வரை போய், நேபாளத்திடம் 4-0 என்று தோற்றது. அரையிறுதி என்ற வாசல் நமக்குத் தெரியாத வாசல் அல்ல. அதைத் தாண்டும் பக்குவம்தான் இன்னும் வாய்க்கவில்லை.

நொக் அவுட் ஆட்டத்தை வெல்ல ஒரே வழிதான் உண்டு என்பதில்லை. 2023 உலகக் கிண்ணத்தில் மெல்போர்னில் சுவீடன் அமெரிக்காவை வெளியேற்றியது முற்றிலும் வேறு கதை. அமெரிக்கா நன்றாக ஆடியது. சுவீடனின் கோல்காப்பாளர் செசிரா முசோவிச் 11 பந்துகளைத் தடுத்தார். 120 நிமிடமும் கோலில்லை. பெனால்டியில் லினா ஹுர்டிக் அடித்ததை அமெரிக்கக் கோல்காப்பாளர் நாயெர் தட்டியும், பந்து கோட்டைத் தாண்டியது மில்லிமீற்றர் கணக்கில்தான், அதுவும் இயந்திரம் பார்த்துச் சொன்னது. அங்கே ஒருத்தி அணியைத் தாங்கினாள். சியாங் மாயில் அணிதான் தன்னைத் தாங்கிக்கொண்டது. ரசனையில் இரண்டுக்கும் இடமுண்டு என்றாலும், வளர்ந்து வரும் அணிக்கு இரண்டாவதுதான் நல்ல சகுனம்.

குறை இல்லையா? உண்டு. இடைவேளையில் பேசிவிட்டு வந்து இரண்டு நிமிடத்தில் கோல் வாங்குவது சின்னப் பிசகல்ல. காத்மண்டுவிலும் ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கியபோதுதான் அடி விழுந்தது. நின்று தொடங்கும் ஒவ்வொரு தடவையும் முதல் ஐந்து நிமிடம் இந்த அணிக்குக் கண்டம். ஜப்பான், அவுஸ்திரேலியா போன்ற அணிகளுக்கு எதிரே அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு கோலோடு போகாது. ஆட்டத்தின் சுருக்கக் காட்சிகளில் இந்த ஓட்டையும் தெரியாது, அந்த 27 நிமிடப் பொறுமையும் தெரியாது. முழு ஆட்டத்தையும் போட்டு, பந்தை விட்டுவிட்டு நடுக்களத்து ஆட்டக்காரிகள் நிற்கும் இடங்களை மாத்திரம் ஒரு தடவை பார்க்க வேண்டும்.