ஓர் ஊர், இரண்டு பெயர்

திருச்சியில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் 'ஸ்ரீரங்கம் ஒண்ணு' என்றாலும் 'திருவரங்கம்' என்றாலும் கண்டக்டர் ஒரே டிக்கெட்தான் கொடுப்பார். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. 'ஸ்ரீ' போன்ற கிரந்த எழுத்துகள் வேண்டுமா, வேண்டாமா என்பது அங்கே நெடுநாள் சண்டை. அதுவும் சம்பளமில்லாமல் எழுத வந்தவர்களுக்குள்.

அதை இயக்கும் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளில் இதற்கென்றே 'வழிமாற்று' இருக்கிறது. எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே கட்டுரைக்குப் போய்ச் சேரலாம். வாசகருக்குப் பிரச்சினை தீர்ந்தது, எழுதுபவருக்குத் தீரவில்லை. கட்டுரைக்குத் தலைப்பு ஒன்றுதானே!

என் குறை இங்கேதான். உரையாடல் பக்கம் வாதங்களைச் சேமிக்கும், முடித்துவைக்காது. என்ன முடிவு, ஏன், எப்போது மறுபடி பேசலாம் என்று யாராவது நாலு வரி எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். பழையவர் அலுத்துப்போய்க் கிளம்புவார்.

வாதத்தில் தோற்றவர் மறுநாள் வந்து வெள்ளைக் கோபுரம் பற்றி ஒரு பத்தி சேர்க்கிறாரா? ஒரு முடிவை நான் அளப்பது அதை வைத்துத்தான். அவர் வராவிட்டால், தலைப்பு எந்த எழுத்தில் இருந்தென்ன, கட்டுரை அரைகுறையாகவே நிற்கும்.