எழுதிய கட்டும் எழுதாத இடமும்: சங்கரதாஸ் சுவாமிகளின் இசை நாடகம்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள், புலவர், நடிகர், பாடலாசிரியர், நாடகாசிரியர், பயிற்றுநர் எனப் பல பொறுப்புகளையும் ஒருவராகவே சுமந்தவர் என்பதால், அவருடைய பணியை இலக்கியம் என்றோ இசை என்றோ தனித்தனியே நிறுத்துப் பார்ப்பவர்கள் அதில் பாதியைத் தவறவிடுகிறார்கள். புலமையுலகம் அவருடைய யாப்பைப் பாராட்டிவிட்டு மேடையை மறந்தது. மேடையுலகம் அவரை வாத்தியாராக வணங்கியதே தவிர, அவருடைய பனுவலை ஆராயவில்லை. பாட்டும் வசனமும் மாறிமாறி வந்து கதையை நடத்திச் செல்லும் இசை நாடகம் என்ற வகைக்கு அவர் கொடுத்த கட்டு எந்த இயல்பால் ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கிறதோ, அதே இயல்பால்தான் பல இடங்களில் தேங்கியும் போயிருக்கிறது.

பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் யாப்பைக் கற்ற அவர், உப்புப் பண்டகசாலையில் பார்த்துவந்த கணக்கர் வேலையை 24 வயதளவில் விட்டுவிட்டு நாடகக் குழுக்களில் சேர்ந்து, எமன், இரணியன், இராவணன், சனீசுவரன் போன்ற அச்சமூட்டும் வேடங்களில் பெயர் பெற்றார். பின்னர் கஞ்சிராவில் பெரும்புகழ் கொண்ட புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் அரவணைப்பில் இருந்து லய நுட்பங்களை அறிந்தார். குறிலும் நெடிலும் அடுக்கி வரும் ஓட்டமாகிய சந்தம், தாளக்காரர் கையில் எப்படி விழும் என்பதையும் நடிகரின் மூச்சு எந்த இடத்தில் நிற்கும் என்பதையும் எழுதும்போதே உணர்ந்திருந்தவர் அவர் என்பதற்கு அவருடைய பாடல்களே சான்று. விருத்தமும் வெண்பாவும் நின்ற அதே காட்சியில் காவடிச்சிந்து, கும்மி, பார்சி நாடகக் குழுக்கள் வழி வந்த இந்துஸ்தானி மெட்டு ஆகியவற்றையும் அவரால் கூச்சமின்றி நிறுத்த முடிந்தது.

அவர் செய்த பெரிய சீர்திருத்தம் வசனத்தில்தான் இருக்கிறது. அதுவரை பெரும்பாலும் பாடல்களே எழுதப்பட்டன. இடைப்பட்ட பேச்சை நடிகர்கள் தம் மனம்போல் இட்டு நிரப்பியதால், நாடகம் கதையை விட்டு விலகுவதும் வரம்பு மீறுவதும் வாடிக்கையாயின. சுவாமிகள் பேச்சையும் எழுதிக் கொடுத்து, நீதி நூல்களின் கருத்துகளை அதில் பொதிந்து, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பேச்சு என்ற வரிசையை நிலைப்படுத்தினார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி', 'கோவலன்' ஆகியவை தென்மாவட்டக் கலைஞர்கள் அனைவருக்கும் பொதுச்சொத்தானதற்கு இந்த வரிசையே காரணம். நாயகன் வேடமான ராஜபார்ட், நாயகி வேடமான ஸ்திரீபார்ட், கோமாளியான பபூன், டான்ஸ், ஆர்மோனியம் என ஒவ்வொருவரையும் வெவ்வேறு ஊரிலிருந்து தனித்தனியே அமர்த்தி, ஒத்திகையே இல்லாமல் கோயில் திருவிழா மேடையில் விடிய விடிய நடத்தும் ஸ்பெஷல் நாடகம், அவர் வகுத்த பொதுப் பாடம் இல்லாவிட்டால் ஓர் இரவுகூட நடக்காது. முன்பின் பழகாத இருவர் மேடையில் சந்தித்து வள்ளியாகவும் நாரதராகவும் வாதாட முடிகிறது என்றால், இருவர் மனத்திலும் ஒரே பனுவல் படிந்திருக்கிறது என்பதே பொருள். நடிகர் தம் குரலுக்கு ஆதாரமாகக் கொள்ளும் சுருதி அளவைக் கட்டை என்பார்கள். ஸ்திரீபார்ட்டின் கட்டை ஒன்றாகவும் ராஜபார்ட்டின் கட்டை வேறாகவும் இருக்கும்போது, ஒருவர் முடித்து மற்றவர் எடுக்கும் இடைவெளியிலேயே ஆர்மோனியக்காரர் சுருதி மாறி ராகத்தின் சாயலைக் காட்டிவிடுவது, அடுத்து என்ன பாட்டு என்று அவருக்கும் தெரியும் என்பதால்தான். எழுத்து இவ்வளவு பேரை இவ்வளவு காலம் பிணைத்து வைத்த வேறொரு நிகழ்கலையைத் தமிழகத்தில் காண்பது அரிது.

ஆயினும் இதே பொதுமை குறைகளுக்கும் வழிவிட்டது. ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஒரு பாட்டு என்ற விதி நிலைபெற்றபின், பாட்டு கதையைத் தாங்குவதற்குப் பதிலாகக் கதை பாட்டைத் தாங்க நேர்ந்தது. சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபையில் பயின்ற எஸ்.ஜி. கிட்டப்பா போன்ற பெரும் பாடகர்கள் வந்தபோது, மக்கள் கூடியது அர்ஜுனனைப் பார்க்க அன்று, அந்தக் குரலைக் கேட்கத்தான். 1934இல் வெளிவந்த 'பவளக்கொடி' திரைப்படத்தில் 50 பாடல்கள் வரை இடம்பெற்றது இந்த மேடைப் பழக்கத்தின் நேரான நீட்சியே. எழுதிய வேகமும் கவனத்துக்குரியது. 'அபிமன்யு சுந்தரி'யை அவர் ஒரே இரவில் எழுதி முடித்ததாக, மதுரையில் 1918இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்வ பால சபாவில் அவரிடம் பயின்ற டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். வியப்புக்குரிய ஆற்றல்தான் அது. ஆனால் பாத்திரங்கள் பல, வேடம் மாறினாலும் ஒரே தொனியில் வாதாடுவதற்கு இந்த வேகமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

கதைத் தேர்வில் உள்ள குறை இதைவிட ஆழமானது. அவருடைய 'கோவலன்' சிலப்பதிகாரத்தைவிட மக்களிடையே வழங்கிய கோவலன் கதையையே ஒட்டிச் செல்வதால், இளங்கோவின் மாதவிக்குரிய கண்ணியம் அங்கே சிதைந்துவிடுகிறது. 'சுலோசனா சதி', 'சதி அனுசூயா' போன்ற நாடகங்களில் பெண்ணின் பெருமை அவள் தாங்கும் துன்பத்தால் மட்டுமே அளக்கப்படுகிறது. உப்புக் கணக்கு எழுதிய கையிலிருந்து வந்த நாடகங்களில் உப்பளத்தில் உப்பு வாரியவரோ, முத்துச் சலாபத்தில் மூச்சடக்கி மூழ்கியவரோ இடம்பெறவில்லை; அவர் வாழ்நாளிலேயே, 1908இல், தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ. சிதம்பரனார் துணையோடு வேலைநிறுத்தம் செய்தபோதும் அந்த மேடை புராணத்திலேயே நின்றது. திருவிழாக் கூட்டத்தை நம்பிய கலைக்குப் புராணம் தவிர்க்க முடியாதது என்பது ஓரளவே சரியான சமாதானம். ஷேக்ஸ்பியரின் 'சிம்பலைன்' கதையையும் கத்தோலிக்க மக்களிடையே வழங்கிய ஞானசௌந்தரி கதையையும் நாடகமாக்கத் துணிந்தவருக்குத் தம் கரையின் வாழ்வை எழுதும் துணிவு இல்லாதிருந்திருக்க முடியாது.

அவர் எழுதாமல் விட்டதைப் பிற்காலத்தார் அவர் நாடகங்களுக்குள்ளேயே நுழைத்தார்கள் என்பது இந்தக் கலைமுறையின் வியத்தகு பண்பு. 'வள்ளி திருமணம்' மேடையில் முருகனாக நின்ற எஸ்.எஸ். விசுவநாததாஸ், தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் இடத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றிய மதுரகவி பாஸ்கரதாஸின் பாட்டைப் பாடி ஆங்கில ஆட்சியைச் சாடியதும், அதற்காகக் கைதானதும் வரலாறு. நடிகரின் மனம்போன பேச்சை அடக்க எழுதப்பட்ட பனுவல், தன்னை நன்கு கற்றவருக்கு மீண்டும் அந்த உரிமையை, இம்முறை பொறுப்போடு, திருப்பிக் கொடுத்தது. இதே உரிமைதான் ஸ்பெஷல் நாடகத்து வள்ளிக்கும் கிடைக்கிறது. முடிவில் அவள் முருகனை ஏற்க வேண்டும் என்பது பனுவலின் தீர்ப்பு. ஆனால் அதற்கு முன் வரும் தர்க்கத்தில் ஸ்திரீபார்ட் கேள்விமேல் கேள்வி தொடுத்து எதிரில் நிற்பவரைத் திணறடிக்கலாம், கூட்டம் அவள் பக்கம் சாயலாம். அச்சில் சில பக்கங்களில் முடிந்துவிடும் இந்தத் தர்க்கம் மேடையில் நெடுநேரம் நீள்கிறது. சுவாமிகளின் நாடகங்களுக்கு இனி வரும் செம்பதிப்பு, அவர் எழுதிய வரிகளோடு, அந்த வரிகளுக்கிடையே நடிகைகளும் நடிகர்களும் நூறாண்டாகப் பேசிச் சேர்த்த பகுதிகளையும் பதிவு செய்தாக வேண்டும்.